கரும்புக்கு முடிச்சே இல்லையே, அப்புறம் எப்படி?

கேள்வி: உளுந்து, கடலை வேர்ல முடிச்சு இருக்கும், அதுல இருக்கற பாக்டீரியா காத்துல இருந்து நைட்ரஜனைப் பிடிச்சு செடிக்குக் குடுக்கும்னு தெரியும். கரும்புக்கு முடிச்சே கிடையாது, ஆனா அதுக்குள்ளயும் அப்படி பாக்டீரியா இருக்குங்கறாங்களே, நெசமா? அப்ப யூரியாவே வேணாமா?

பதில்: நெசம்தாங்க. 1988-ல பிரேசில்ல யோகன்னா டோபரைனர்ங்கற விஞ்ஞானியும் கூட வேலை பார்த்தவங்களும் கரும்பு வேர்லயும் தண்டுலயும் இருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரிச்சு எடுத்தாங்க, இப்ப அதோட பேரு குளுக்கானசிட்டோபாக்டர் டயசோட்ரோபிகஸ். சர்க்கரைன்னா அதுக்கு உயிரு, அதனாலதான் கரும்பு அதுக்கு நல்லா ஒத்துப்போகுது. பக்கவேர் முளைச்சு வெளிய வர்றப்ப விழற சின்ன வெடிப்பு வழியா உள்ள போயிடும், செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல இருக்கற சந்துல தங்கிக்கும், செடிக்கு நோய் எதுவும் வராது. கரணை வெட்டி நடறப்ப அதோடவே அடுத்த பயிருக்கும் போயிடும்.

காத்துல 78 சதவீதம் நைட்ரஜன்தான், ஆனா ரெண்டு அணுவும் மூணு பிணைப்புல இறுக்கமா கோத்துக்கிட்டு இருக்கறதால செடியால அதைத் தொடவே முடியாது. பாக்டீரியாகிட்ட இருக்கற நைட்ரஜனேஸ்ங்கற நொதிதான் அதைப் பிரிச்சு அமோனியாவா மாத்துது, ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்கே 16 ஏடிபி (செல்லுக்குள்ள சக்தியைச் சுமக்கற மூலக்கூறு) செலவாகும், அந்தச் செலவுக்குத்தான் செடியோட சர்க்கரை. இந்த நொதிக்கு ஆக்சிஜன் பட்டா போச்சு. உளுந்து முடிச்சைக் கிள்ளிப் பார்த்தா உள்ள இளஞ்சிவப்பா இருக்கும்ல, அந்த லெக்ஹீமோகுளோபின்தான் அங்க ஆக்சிஜனை அடக்கி வெக்குது, கரும்புல அது இல்லாததால பாக்டீரியாவே வேகவேகமா சுவாசிச்சு சுத்தி இருக்கற ஆக்சிஜனைத் தீத்துடுது. எனக்கு இது பெரிய ஆச்சரியம்!

ஆனா வளர்ச்சிக்கு நைட்ரஜன் மட்டும் காரணம் இல்லீங்க, இதைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க. நைட்ரஜன் பிடிக்கற ஜீனைக் கெடுத்துட்டு அதே பாக்டீரியாவைக் கரும்புல ஏத்திப் பார்த்திருக்காங்க. மண்ணுல தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், போதுமா இருந்தப்ப அந்தச் செடியும் நல்லா வளர்ந்துச்சு, தழைச்சத்து பத்தாதப்பதான் பின்தங்குச்சு. ஏன்னா இந்த பாக்டீரியா ஆக்சின்ங்கற வளர்ச்சி ஹார்மோனும் சுரக்கும், அதனால வேர் நல்லாக் கிளைச்சு தண்ணியையும் சத்தையும் கூடுதலா இழுக்கும்.

யூரியாவை ஒரேயடியா நிறுத்திடாதீங்க. ரகத்துக்கு ரகம், மண்ணுக்கு மண் இதோட பலன் ரொம்பவே மாறும். அதே சமயம் யூரியாவை அள்ளிக் கொட்டினா உள்ள இருக்கற பாக்டீரியாவும் குறையும், நைட்ரஜனேஸோட வேலையும் குறைஞ்சிடும். ஒரு சின்னப் பாத்தியில மட்டும் கொஞ்சம் குறைச்சுப் போட்டு, பக்கத்துப் பாத்தியில வழக்கம்போல போட்டு, அறுவடை அப்ப ரெண்டையும் தனித்தனியா எடை போட்டுப் பாருங்க.