மயக்க மருந்து கொடுத்தா நுரையீரலுக்கு என்ன ஆகுது? ஆபரேஷனுக்கு அப்புறம் அந்த மூணு பந்து எதுக்கு?

அப்பாவுக்கு வயித்த திறந்து பித்தப்பை ஆபரேஷன் பண்ணிருக்காங்க, இப்ப பிளாஸ்டிக் டப்பா ஒண்ண கையில கொடுத்து பந்த இழு இழுன்னு படுத்தறாங்க, வயித்து ஆபரேஷனுக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டிருக்கீங்க. நான் அனஸ்தீசியா டாக்டர், மதுரை பக்கம் வேல பாக்கறேன். வார்டுல யாராவது ஒருத்தர் இதையே கேட்டுட்டுதான் இருக்காங்க, அதனால கொஞ்சம் விலாவாரியாவே எழுதிடறேன்.

ஜெனரல் அனஸ்தீசியான்னா நல்ல தூக்கம், அவ்ளோதான்னு நெறைய பேர் நெனைக்கறாங்க. தூங்கறப்ப மூச்சு அதுபாட்டுக்கு ஓடும், இதுல ஓடாது. புரோபோஃபால்னு ஒரு வெள்ளை மருந்து நரம்புல ஏறி அரை நிமிஷம் போல ஆனதும் பேச்சு நிக்கும், பெரும்பாலும் மூச்சும் கொஞ்ச நேரம் நின்னுடும், நாக்கும் தொண்டை சதையும் தளர்ந்து பின்னாடி சரிஞ்சு காத்து போற வழிய அடைக்கும், அதனாலதான் நாங்க தாடைய தூக்கி பிடிச்சுக்கிட்டு நிக்கறோம். சாதாரணமா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் ஏறினாலே மூளை மூச்சு விடுன்னு விரட்டும், மயக்கத்துல அந்த விரட்டல் மந்தமாயிடும். செவோஃப்ளூரேன் மாதிரி கேஸ்ல மூச்சு வேகமா ஆனா மேலோட்டமா ஓடும், ஃபென்டனில் மாதிரி வலி மருந்துல நிதானமாகி எண்ணிக்கை கொறையும். மருந்தோட மிச்சம் உடம்புல கொஞ்சம் இருந்தா கூட, ஆக்சிஜன் கொறையறத கண்டுபிடிச்சு மூச்ச கூட்டற வேலை சரியா நடக்காது. ரெக்கவரி ரூம்ல நல்லா பேசிட்டு இருக்கறவருக்கும் மூக்குல ஆக்சிஜன் ட்யூப் வச்சிருக்கறது அதுக்குத்தான்.

ஆனா மூச்சு நிக்கறத பத்தி எனக்கு அவ்வளவு கவலை இல்ல, வென்டிலேட்டர் இருக்கு, பாத்துக்கும். என்னை கேட்டா நுரையீரல்ல மிச்சம் நிக்கற காத்துதான் முக்கியம். சாதாரணமா மூச்ச வெளிய விட்டதுக்கு அப்புறமும் உள்ள ரெண்டரை மூணு லிட்டர் காத்து நிக்கும், இதுக்கு எஃப்.ஆர்.சி.ன்னு பேரு. நாம ஒவ்வொரு தடவையும் இழுத்து விடறது அரை லிட்டர்தான், இது அதுக்கு அடியில இருக்கற கையிருப்பு. மல்லாக்க படுத்தாலே வயித்துல உள்ளதெல்லாம் உதரவிதானத்த (நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கற மூச்சு சதை) மேல தள்ளி இதுல முக்கா லிட்டர்லேர்ந்து ஒரு லிட்டர் வரைக்கும் கொறைஞ்சிடும். மயக்கம் கொடுத்ததும் நெஞ்சு சதையும் உதரவிதானமும் பிடிப்ப விட்டுடும், இன்னொரு அரை லிட்டர் கிட்ட போயிடும். சதைய தளர்த்தற ஊசி போடாம தானா மூச்சு விட்டுட்டு இருந்தா கூட இந்த அரை லிட்டர் போகத்தான் செய்யும். கெட்டமின் ஒண்ணு மட்டும் விதிவிலக்கு, அது சதையோட பிடிப்ப பெருசா விடறதில்ல.

அரை லிட்டர் போனா என்ன குடி முழுகிடுமான்னு தோணும். கணக்க பாருங்க. படுத்த நிலையில உள்ள சுமார் ரெண்டு லிட்டர் காத்து, அதுல 21 சதவீதம்தான் ஆக்சிஜன், அரை லிட்டர் கூட தேறாது. உடம்பு நிமிஷத்துக்கு சுமார் 250 மில்லி ஆக்சிஜன தின்னுது. மூச்சு நின்னா ஒண்ணு ஒண்ணரை நிமிஷத்துலயே மானிட்டர்ல அந்த பீப் சத்தம் சுருதி எறங்க ஆரம்பிக்கும் (ஆக்சிஜன் கொறைய கொறைய சத்தம் கனமாகும், திரும்பி பாக்காமலே எங்களுக்கு தெரிஞ்சிடும்). அதனாலதான் மயக்கத்துக்கு முன்னாடி மூணு நிமிஷம் மாஸ்க்க இறுக்கி வச்சு சுத்தமான ஆக்சிஜன் இழுக்க சொல்றோம். உள்ள இருக்கற நைட்ரஜன் வெளியேறி கையிருப்பு முழுக்க ஆக்சிஜனா மாறிடும், ஆரோக்கியமான ஆளுக்கு எட்டு நிமிஷம் வரை தாக்குப்பிடிக்கும். உடம்பு ரொம்ப பருமனா இருந்தா அது மூணு நிமிஷத்துக்குள்ள தீந்துடும், அவங்கள தலைப்பக்கம் தூக்கி சாய்வா படுக்க வச்சுத்தான் ஆரம்பிப்போம். மூச்சு முட்டுது டாக்டர்னு சொல்லி மாஸ்க்க தள்ளிவிடறவங்க நெறைய பேரு, தயவுசெஞ்சு தள்ளாதீங்க, அந்த மூணு நிமிஷம் உங்களுக்கான இன்சூரன்ஸ்.

கையிருப்பு கொறையறதுல இன்னொரு சங்கடமும் இருக்கு. நுரையீரல்ல காத்து ஒரு அளவுக்கு கீழ போனா சின்ன சின்ன மூச்சுக்குழாய்ங்க மூடிக்கும். வயசாக ஆக அந்த அளவு ஏறிட்டே போகும், மல்லாக்க படுத்தா சுமார் 45 வயசுலயே எஃப்.ஆர்.சி.ய தொட்டுடும். அதுக்கு மேல மயக்கமும் சேந்தா முதுகுப்பக்கம், உதரவிதானத்த ஒட்டுன இடத்துல நுரையீரல் சுருங்கி ஒட்டிக்கும். பாஸ்டன்ல பென்டிக்சன் குழு 1963லயே இத ஊகிச்சு எழுதிட்டாங்க, ஒரே அளவுல மூச்சு கொடுத்துட்டே இருந்தா ஆக்சிஜன் எறங்குது, இடையில ஆழமா கொடுத்தா ஏறுதுன்னு. சாதா எக்ஸ்ரேல அது சரியா தெரியல. 1980கள்ல ஸ்வீடன்ல ஹெடன்ஸ்டியர்னா குழு மயக்கத்துல இருக்கறவங்கள சி.டி. ஸ்கேன்ல வச்சு பாத்தப்பதான் கண்ணுக்கு தெரிஞ்சது, நல்ல நுரையீரல் உள்ளவங்களுக்கும் மயக்கம் கொடுத்த சில நிமிஷத்துலயே அப்படி சுருங்கி ஒட்டுன இடம் வந்துடுது, பத்துல ஒம்பது பேருக்கு. அந்த இடத்துல ரத்தம் ஓடுது, காத்து இல்ல, ஆக்சிஜன் ஏறாமலே ரத்தம் திரும்பிடுது. வென்டிலேட்டர் தள்ளற காத்து வேற முன்பக்கம்தான் சுலபமா போகும், ரத்தம் அதிகமா நிக்கறது முதுகுப்பக்கம், ரெண்டும் சரியா சந்திக்கறதில்ல.

இதுல வேடிக்க என்னன்னா நாங்க கொடுக்கற சுத்த ஆக்சிஜனே இந்த சுருக்கத்த கூட்டும். நைட்ரஜன் ரத்தத்துக்குள்ள லேசுல போகாது, காத்துப்பைய விரிச்சு பிடிச்சிருக்கும். ஆக்சிஜன் மட்டும் இருந்தா முழுசா உறிஞ்சப்பட்டு பை ஒட்டிக்கும். அதுக்காக ஆரம்பத்துல அத கொறைக்க நான் ஒத்துக்க மாட்டேன், ட்யூப் போட்டு முடிச்சதும் கொறைச்சுக்கலாம். அப்புறம் பீப் (PEEP)னு ஒண்ணு சொல்லுவோம், மானிட்டரோட பீப் சத்தம் இல்ல, இது மூச்ச விட்ட பிறகும் கொஞ்சம் அழுத்தம் உள்ள நிக்கற மாதிரி வென்டிலேட்டர்ல வைக்கறது. ஒட்டிப்போன இடத்த திறக்க 40 சென்டிமீட்டர் தண்ணி அளவு அழுத்தத்த ஏழெட்டு செகண்ட் பிடிக்கறதும் உண்டு, பி.பி. எறங்குதான்னு ஒரு கண்ணு வச்சுக்கிட்டே. புது பலூன்ல முத ஊது கஷ்டம், ஒருதடவ விரிஞ்சிட்டா சுலபம், அதே கதைதான்.

இப்ப உங்க அப்பா விஷயத்துக்கு வரேன். மேல்வயித்துல கத்தி பட்டா உதரவிதானம் சில நாள் சரியா வேலை செய்யாது, வலி வேற, ஆழமா இழுக்கற மூச்சு முத ஒண்ணு ரெண்டு நாள் பாதிக்கும் கீழ கூட போகும், பழைய நிலைக்கு வர ஒரு வாரம் ஆகலாம். லேப்ரோஸ்கோப்பில இது கொஞ்சம் கம்மி. சாதாரணமா நாம நம்மை அறியாமலே அப்பப்ப விடற பெருமூச்சுதான் சுருங்குன இடத்த திறக்கறது, வலியில அதுவும் வராது. சளியும் அங்கேயே தங்கி நிமோனியால கொண்டு விட்டுடும்.

அந்த டப்பா இதுக்குத்தான். பந்துங்க மேல 600, 900, 1200னு போட்டிருக்கும், செகண்டுக்கு எத்தன மில்லி காத்து இழுக்கறோங்கற கணக்கு. போன வாரம் ஒரு பெரியவர் கன்னம் உப்ப ஊதறாரு, ஒரு பந்தும் அசையல, "இது ரிப்பேர் டாக்டரம்மா, வேற குடுங்க"ங்கறாரு. "ஊதாதீங்கய்யா, ஸ்ட்ரா போட்டு எளநி குடிக்கிற மாதிரி உறிங்க"ன்னேன், டக்குனு ரெண்டு பந்து ஏறிடுச்சு. வெடுக்குனு இழுத்து மூணையும் எழுப்பறது வீரம், ஆனா பிரயோஜனம் கம்மி. நிதானமா இழுத்து ரெண்டு பந்த மூணு செகண்ட் மேலயே நிறுத்தி வைக்கறது போதும். இன்னொண்ணும் சொல்லிடறேன், அந்த டப்பா மட்டுமே காப்பாத்தும்னு ஆராய்ச்சிங்க உறுதியா காட்டல. எழுப்பி உட்கார வைக்கறதும், கைய பிடிச்சு நாலு அடி நடக்க வைக்கறதும் அதுக்கு சளைச்சதில்ல.

வலி மருந்து கொடுத்து அரை மணி கழிச்சு பண்ண சொல்லுங்க, முன்னாடி பண்ணா இழுக்கவே முடியாது. தையல் பிரிஞ்சிடும்னு பயந்து இருமாம இருப்பாரு, தலகாணிய வயித்தோட அணைச்சு பிடிச்சுக்கிட்டு இரும சொல்லுங்க. மூச்சு வாங்கறது கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ காலைல ரவுண்ட்ஸ் வரட்டும்னு காத்திருக்காம டூட்டி டாக்டர்கிட்ட உடனே சொல்லிடுங்க.