குடியை விடக் கூட்டம் தேடுபவர்களுக்கு: கேள்வி பதில்

வெள்ளவத்தை: அண்ணா, குடிய விடோணும். கொழும்பில ஏஏ மீட்டிங் எங்க நடக்குது? அட்ரஸ் மட்டும் சொன்னாக் காணும்.

பதில்: அட்ரஸ் மட்டும் காணாது தம்பி. ஏஏ என்பது அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ், குடியை விட விரும்புகிறவர்கள் கூடி ஒருவருக்கொருவர் உதவும் அமைப்பு. கூட்டங்கள் பெரும்பாலும் இரவல் மண்டபத்திலோ வாடகை அறையிலோ நடப்பவை. இடமும் நேரமும் மாறும். பழைய பட்டியலை நம்பிப் போய்ப் பூட்டின கேற்றைப் பார்த்துத் திரும்புகிறவர் அடுத்த கிழமை வரமாட்டார். அதனால் முதலில் போன். அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ், இலங்கை என்று இணையத்தில் தேடித் தொடர்பு இலக்கத்தை எடுங்கள். குடிக்காத நேரத்தில் பேசுங்கள். எந்த மொழியில் நடக்கும், திறந்த கூட்டமா மூடிய கூட்டமா, எந்தக் கேற்றால் வருவது, போயா நாளில் உண்டா, வாசலில் யாரும் நிற்பார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். முதல் நாள் பலர் வாசல் வரை வந்து திரும்பிப் போவது, உள்ளே தெரிந்த முகம் இல்லாததால்தான்.

திறந்த கூட்டத்துக்கு மனைவி, அண்ணன், யாரும் கூட வரலாம். மூடியது குடியை விட விரும்புகிறவருக்கு மட்டும். பத்து நிமிடம் முந்திப் போங்கள். முழுப்பெயர் தேவையில்லை. பேசச் சொன்னால் "இண்டைக்குக் கேக்க வந்தனான்" என்றால் போதும். கட்டணம் இல்லை. உண்டியல் சுற்றி வரும், புதியவர் போட வேண்டியதில்லை. முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். இரண்டு மூன்று பேரின் போன் இலக்கத்தை வாங்குங்கள். ராத்திரி ஆசை கிளம்பும்போது உதவப் போவது அந்த இலக்கங்கள்தான்.

தமிழில்தான் வேண்டுமென்றால், தமிழ்நாட்டுக் குழுக்கள் சூமில் நடத்தும் கூட்டங்களைத் தேடுங்கள். இந்திய நேரமும் எங்கள் நேரமும் ஒன்று.

கொட்டாஞ்சேனை: விடியக் கை நடுங்கும், ஒரு மிடறு குடிச்சாத்தான் நிக்கும். இண்டைக்கே நிப்பாட்டிப்போட்டுப் பின்னேரம் மீட்டிங் போகட்டோ?

பதில்: வேண்டாம். முதலில் ஆஸ்பத்திரி, பிறகு கூட்டம். விடியக் கை நடுங்குகிறவர் வீட்டில் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்து 6 முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணித்தியாலத்துக்குள் பிதற்றல், இல்லாததைக் காண்பது, காய்ச்சல், வியர்வை வரலாம். அதில் உயிர் போவதுண்டு. கொழும்பு தேசிய வைத்தியசாலைக்குப் போய், ஒரு நாளைக்குக் காலா அரையா முழுப் போத்தலா, சாராயமா கசிப்பா, கடைசியாக எத்தனை மணிக்கு, முன்பு வலிப்பு வந்ததா என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். குறைத்துச் சொன்னால் மருந்தின் அளவு பிழையாகிவிடும். அங்கே நடுக்கத்தை மாத்திரையால் படிப்படியாக இறக்குவார்கள், தயமின் என்ற விற்றமின் பி1 ஏற்றுவார்கள். வலிப்போ பிதற்றலோ தொடங்கிவிட்டால் அம்புலன்சுக்கு, 1990க்கு அடியுங்கள்.

போயாவுக்குக் கடை பூட்டும்போதும் இதே ஆபத்து உண்டு. வீட்டுக்காரர் கவனியுங்கள்.

தெஹிவளை: சேர்ச் ஹோலில வைக்கினமாம். நாங்கள் சைவம்.

பதில்: இடம்தான் சேர்ச்சினுடையது. எந்தச் சமயத்தாரும் வரலாம், சமயம் இல்லாதவரும் வரலாம். சேருவதற்கு ஒரே தகுதி குடியை விடும் விருப்பம்.

வத்தளை: அட்ரஸ் பிளீஸ்.

பதில்: முதல் பதிலைப் பாருங்கள்.

மட்டக்குளி: குடிக்கிற என்ர மனுசன் ஒண்டுக்கும் வரமாட்டார். கறிக்குள்ள கலந்து குடுக்க ஒரு குளிசை இருக்காம். எங்க வாங்கலாம் அண்ணா?

பதில்: வாங்காதீர்கள் அக்கா. அது அநேகமாக டைசல்பிராம். மதுவை உடம்பு உடைக்கும் வழியை அது பாதியில் அடைக்கிறது. அசிற்றல்டிஹைட் என்ற நஞ்சு இரத்தத்தில் தேங்கும். முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, பிரஷர் விழும். இருதய வருத்தம் உள்ளவர் சாகலாம். தெரிந்து எடுக்கிறவர் குடிக்காமல் தன்னைக் காத்துக்கொள்வார். தெரியாதவர் குடிப்பார், வழக்கம்போல அரைப் போத்தல் குடிப்பார்.

கிராண்ட்பாஸ்: சும்மா பயப்படுத்தாதேங்கோ. எங்கட ஒழுங்கையில ஒருத்தர் அப்பிடிக் குடுத்துத்தான் விட்டவர்.

பதில்: அவர் தப்பினார், நல்லது. அதை வைத்து அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது. ஈரல், இருதயம் சோதிக்காமல், கடைசிக் குடிக்குப் பிறகு 12 மணித்தியாலமாவது கழியாமல் வைத்தியர் இதைத் தொடங்குவதில்லை. நிறுத்தின பிறகும் இரண்டு கிழமை வரை வேலை செய்யும். கறிக்குள் போடுகிறவர் இதில் எதைப் பார்த்தார்?

கிராண்ட்பாஸ்: அப்ப பொம்பிளையள் அடி வாங்கிக்கொண்டு இருக்கிறதோ?

பதில்: ஒருபோதும் இல்லை. அடி விழுந்தால் அன்றைக்கே பிள்ளைகளோடு வெளியேறிப் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும். 1938 மகளிர் உதவி இலக்கம். மட்டக்குளி அக்கா, அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். குடிப்பவரின் குடும்பத்துக்கென்றே அல்-அனோன் இருக்கிறது. 1927க்கு அடித்தால் அபாயகர ஔடதக் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசகருடன் பேசலாம். காசு கொடுப்பது, அவருக்குச் சுகமில்லை என்று ஒபிசுக்குப் பொய் சொல்வது, இரண்டையும் நிறுத்துங்கள். குளிசை செய்யாததை அது செய்யும்.

பம்பலப்பிட்டி: பெண்கள் போகலாமோ?

பதில்: போகலாம். போனில் பேசும்போதே ஒரு பெண் உறுப்பினர் வந்து சந்திக்கக் கேளுங்கள். ஸ்பொன்சராகவும், அதாவது உங்களுக்கு வழிகாட்டும் பழைய உறுப்பினராகவும், பெண்ணையே பிடியுங்கள்.

மருதானை: ஒபிசுக்குக் கடிதம் தருவினமோ?

பதில்: ஏஏ வரவுப் பதிவு வைப்பதில்லை. கடிதம் கிளினிக்கில் கேளுங்கள்.

நுகேகொடை: மீட்டிங் எங்க? எத்தின மணிக்கு?

பதில்: மூன்றாவது தடவை இதே கேள்வி. மேலே இருக்கிறது. போனை எடுங்கள்.

தெமட்டகொடை: ஆறு மாசம் விட்டிருந்தனான். போன கிழமை குடிச்சிட்டன். திரும்பப் போக முகமில்லை.

பதில்: இன்றைக்கே போங்கள். அங்கே இருப்பவர்களில் பலர் அப்படித் திரும்பி வந்தவர்கள், யாரும் கணக்குக் கேட்கமாட்டார்கள். போன கிழமையிலிருந்து தினமும் குடிக்கிறீர்கள், கையும் நடுங்குகிறது என்றால் மட்டும், கொட்டாஞ்சேனைக்காரருக்குச் சொன்னதே உங்களுக்கும்.