டென்டா, பழைய கேரவனா?

கேள்வி: வணக்கம் அண்ணா. லண்டன் ஹாரோவில் இருக்கிறோம், எங்களுக்கு ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள். போன கோடையில் நண்பரின் டென்டை இரவல் வாங்கிக்கொண்டு வட இங்கிலாந்தின் ஏரிப் பகுதியான லேக் டிஸ்ட்ரிக்ட் போனோம், நான்கு இரவில் இரண்டு இரவு மழை, உள்ளே எல்லாம் ஈரம். இப்போது காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் நான்கு படுக்கைக் கேரவன் ஒன்று, 2003ஆம் வருடத்தது, 2,500 பவுண்டுக்கு வந்திருக்கிறது. மனைவிக்கு அதில்தான் ஆசை. வருடத்தில் பன்னிரண்டு இரவுக்கு மேல் போக முடியாது. காரின் எடை 1,300 கிலோ, கேரவனை மாட்டும் டோ பார் இல்லை. வாசலில் ஒரு கார் நிறுத்தத்தான் இடம். எதை வாங்கலாம்?

பதில்: டென்ட் வாங்குங்கள், ஆனால் நல்ல டென்டாக. மனைவிக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று தெரியும், அதனால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கார். 2021 டிசம்பரிலிருந்து கேரவன் இழுக்கத் தனி டெஸ்ட் தேவையில்லை, அதனால் லைசென்ஸ் பிரச்சினை இல்லை. எடைதான் பிரச்சினை. சாமான் ஏற்றிய கேரவனின் எடை, காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்கட்டும் என்று புதிதாக இழுப்பவர்களுக்குச் சொல்வார்கள். சட்டம் இல்லை, அனுபவத்தில் வந்த கணக்கு. உங்கள் காருக்கு அது 1,105 கிலோ, அந்தக் காலத்து நான்கு படுக்கைக் கேரவன்கள் பெரும்பாலும் 1,200 கிலோவைத் தாண்டிவிடும். மோட்டார்வேயில் பக்கத்தில் ஒரு லாரி வேகமாகப் போகும்போது பின்னால் இருக்கும் பாரம் ஆட ஆரம்பித்தால் இலேசான காரால் அதை அடக்க முடியாது, பின் சீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது செலவு. உங்களிடம் இடம் இல்லாததால் வாடகைக்கு நிறுத்த வேண்டும். இன்சூரன்ஸ், வருட சர்வீஸ், டயர் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஆயிரம் பவுண்ட் என்று வைத்தால், பன்னிரண்டு இரவுக்கு இரவொன்றுக்கு 83 பவுண்ட் ஆகிறது, கேம்ப்சைட் வாடகை தனி. டோ பார் பொருத்துவதும் தனிச் செலவு.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பயமான விஷயம், ஈரக்கசிவு. நானும் ஒருமுறை பழைய கேரவன் வாங்கினேன், உள்ளே பளிச்சென்று இருந்தது, பூ வாசம் வேறு. இரண்டு மாதத்தில் முன் ஜன்னலுக்குக் கீழே கை வைத்து அழுத்தினால் பலகை பஞ்சு மாதிரி உள்ளே போனது. இணைப்புகளில் அடைத்த பசை காய்ந்து வெடித்தால் மழை மெல்ல மெல்ல மரச் சட்டத்துக்குள் இறங்குகிறது, வெளியே ஒன்றும் தெரியாது. அதைச் சரிசெய்யக் கேட்ட தொகை வாங்கிய விலையைவிடக் கூட. அதனால் யாராக இருந்தாலும் ஈரம் அளக்கும் மீட்டரோடு போங்கள்: 15 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 20 தாண்டினால் யோசியுங்கள், 30 என்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

சரி, டென்டில் மழைக்கு என்ன செய்வது? நீங்கள் போன இடமும் அப்படி, அங்கே பாரோடேல் பள்ளத்தாக்கில் உள்ள சீத்வெயிட் இங்கிலாந்திலேயே அதிக மழை பெய்யும் ஊர்களில் ஒன்று. அதனால் துணியின் நீர்த்தடுப்பு அளவு, அதாவது எவ்வளவு உயரத் தண்ணீரின் அழுத்தத்தைக் கசியாமல் தாங்கும் என்பது, 3,000 மில்லிமீட்டராவது இருக்கிறதா, தரைத் துணி சுவரோடு சேர்த்துத் தைத்ததா என்று பாருங்கள். நால்வருக்கு ஆறு பேர் டென்ட் எடுங்கள், ஈரச் சப்பாத்தும் ஜாக்கெட்டும் கழற்றிப் போட முன்னால் ஒரு தாழ்வாரம் இருக்கட்டும். காற்று நிரப்பும் கம்பங்கள் உள்ளது விலை கூட, ஆனால் மழையில் வந்திறங்கியதும் சீக்கிரம் நிமிர்ந்துவிடும். தரையிலிருந்துதான் குளிர் ஏறும், படுக்கைக்கு அடியில் தடித்த பாய் போடுங்கள். வீடு வந்ததும் விரித்துக் காய வைக்காமல் மடித்தால் பூஞ்சணம் பிடித்துவிடும், அப்புறம் அந்த வாசம் போகாது.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், குளிர்கிறது என்று பார்பிக்யூ கரியை, அணைந்தது போலத் தெரிந்தாலும், டென்டுக்குள் கொண்டுவராதீர்கள். வாசமே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

மனைவியின் ஆசைக்கு, இந்தக் கோடையில் ஒரு வாரம் கேம்ப்சைட்டிலேயே நிற்கும் கேரவன் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். அதற்குப் பிறகும் சொந்தமாக வேண்டும் என்றால் முதலில் காரை மாற்றுங்கள். கேரவன் பார்க்கப் போகும்போது சேஸிஸில், அதாவது அடிச்சட்டத்தில், உள்ள பதினேழு எழுத்து எண் ஜன்னல் கண்ணாடியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், 1992 முதல் பிரிட்டனில் செய்த பெரும்பாலானவற்றில் அது இருக்கும். ஒத்துப்போகாவிட்டால் திருட்டு வண்டியாக இருக்கலாம், முன்பணம் கொடுக்காதீர்கள்.