மணலில் விழுந்த மோதிரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஓகஸ்ட் விடுமுறை முடிந்த கையோடு வந்து சேர்ந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே கவலையைத்தான் சொல்கின்றன. கடலில் குளித்தோம், கரையேறிப் பார்த்தால் விரலில் மோதிரம் இல்லை. நான் ரேடியோ திருத்துகிற தொழிலில் இருந்தவன், பல வருடமாகத் திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் மண்ணுக்குள் உலோகம் இருந்தால் சத்தமிடுகிற மெட்டல் டிடெக்டரோடு நடந்து மற்றவர்களின் நகையைத் தேடிக் கொடுத்து வருகிறவன் என்பதால் பத்திரிகை ஆசிரியர் எல்லாக் கடிதங்களையும் என்னிடம் அனுப்பிவிட்டார். சந்தோஷமாகவே வாங்கிக்கொண்டேன்.

எங்களுக்குக் கலியாணம் முடிந்து நாலு மாதம். போன ஞாயிறு பின்னேரம் உப்புவெளியில் முழங்கால் தண்ணீரில் நின்று பந்து விளையாடும்போது இவருடைய ஒரு பவுண் மோதிரம் கழன்று விழுந்துவிட்டது. இருட்டும்வரை காலால் தடவித் தேடினோம். அலை கொண்டு போயிருக்குமா, இனிக் கிடைக்குமா?
– வாசகி, உவர்மலை

கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது தங்கச்சி. அலை கொண்டு போயிருக்கும் என்ற பயத்தை முதலில் விடுங்கள். 22 கரட் தங்கம் தண்ணீரைவிடப் பதினேழு மடங்குக்கு மேல் கனமானது, மணல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல்தான். அலை வந்து அடியைக் கிளப்பும்போது மணல்தான் அள்ளுப்பட்டுப் போகும், மோதிரம் விழுந்த இடத்தை ஒட்டியே கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, சிப்பித்துண்டும் சிறுகல்லும் இறுகிக் கிடக்கிற அடுக்கில் போய்த் தங்கிவிடும். காலால் தடவித் தேடுவது எல்லாரும் செய்வதுதான், ஆனால் அதனால் மோதிரம் இன்னும் ஆழத்துக்குத்தான் போகிறது, அதனால் இனி அதை மட்டும் செய்ய வேண்டாம்.

இப்போது உங்களுக்கு வேண்டியது இயந்திரத்தைவிட முக்கியமான ஒன்று, சரியான இடம். இரண்டு பேரும் அதே பின்னேர நேரத்தில் அங்கே போய் நில்லுங்கள், பந்து எந்தப் பக்கம் இருந்து வந்தது, துவாயை எங்கே வைத்தீர்கள், வெயில் எந்தக் கண்ணில் பட்டது என்று ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்துங்கள். அன்று கைபேசியில் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் திறந்து, உங்கள் முகங்களை அல்ல, பின்னால் தெரிகிற தென்னையையும் கூரையையும் வள்ளத்தையும் பாருங்கள். நம்முடைய கடற்றொழிலாளர் கடலுக்குள் பார் (கடலடிப் பாறை) இருக்கிற இடத்தை எப்படி வைத்துக்கொள்கிறார்கள்? கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு பொருள் ஒரே நேரில் வரும்படி ஒரு கோடு, வேறு பக்கம் இன்னும் இரண்டு பொருளால் ஒரு கோடு, இரண்டும் வெட்டுகிற இடம்தான் அவர்களுடைய இடம். உங்கள் படங்களை வைத்து அதையே செய்யலாம். ஒரு முறை நிலாவெளியில் ஒரு தம்பதி காட்டிய இடத்தில் இரண்டு நாள் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை, மூன்றாம் நாள் அவர்களுடைய படம் ஒன்றில் ஒரு குடையின் நிழல் விழுந்த விதத்தைப் பார்த்து இருபது அடி தெற்கே தள்ளித் தேடினோம், அரை மணித்தியாலத்தில் மோதிரம் கையில். தண்ணீரில் நிற்கிறவர்கள் நீரோட்டத்தோடு மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பார்கள், அது அவர்களுக்கே தெரியாது.

இடம் தெரிந்தபிறகு கரையில் தடி ஊன்றி, கயிறு கட்டி, ஒரு மீற்றர் அகலப் பாதைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். டிடெக்டரின் வட்டத் தட்டை மணலை உரசும் அளவுக்குத் தாழ்த்தி, ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூடும்படி மெதுவாக ஆட்ட வேண்டும். முடிந்ததும் குறுக்காக இன்னொரு தடவை. அவசரமாக வீசிக்கொண்டு போகிறவர் ஒரு நாள் முழுக்க நடந்தாலும் பாதி மணலைத்தான் பார்த்திருப்பார். வெளிநாட்டு வீடியோக்களில் கடல் வற்றி நூறு மீற்றருக்குக் கரை வெளித்துக் கிடக்கும், நமக்கு அந்த வசதி இல்லை. இங்கே ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு, அதனால் தண்ணீருக்குள் நின்றே தேட வேண்டும், நீர் புகாத இயந்திரமும் அடியில் ஓட்டைகள் உள்ள நீள்பிடி அள்ளுகருவியும் வேண்டும்.

எதற்கும் தாமதிக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று தொடங்கிவிட்டால் கடல் இந்தக் கரையை வெட்டி மணலை இழுத்துக்கொண்டு போய்விடும், சில நேரம் அதுவே பழைய நகையை மேலே கொண்டுவரும், ஆனால் உங்கள் அடையாளங்கள் எல்லாம் அதோடு அழிந்துவிடும்.

இணையத்தில் மலிவான டிடெக்டர்கள் விற்கிறார்கள். ஒன்று வாங்கினால் நாங்களே தேடிக்கொள்ளலாமே?
– வாசகர், ஆறாங்கட்டை

காய்ந்த மணலில் தேடலாம். ஈர மணலிலும் உப்புத் தண்ணீரிலும் அந்த இயந்திரம் உங்களைப் பைத்தியமாக்கிவிடும், ஏனென்றால் உப்புத் தண்ணீரே மின்சாரத்தைக் கடத்தும், ஒற்றை அதிர்வெண்ணில் வேலை செய்கிற சாதாரண இயந்திரம் அதை ஒரு பெரிய உலோகம் என்று எண்ணிக் கத்திக்கொண்டே இருக்கும். நம்முடைய கரைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. வடக்கே புல்மோட்டையில் இல்மனைட்டும் ரூட்டைலும் எடுக்கிற கருமணல் ஊருக்கே தெரியும், அந்தக் கறுப்புக் கனிமம் அலை விட்டுப்போன கோடுகளாக நம் பக்கக் கரைகளிலும் அங்கங்கே படிந்து கிடக்கும், அதன்மேல் தட்டைக் கொண்டுபோனாலும் பொய்ச் சத்தம் வரும். ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களை அனுப்புகிற வகையோ, துடிப்பு முறையில் வேலை செய்கிற வகையோதான் கடலுக்குச் சரி. துடிப்பு முறை உப்பையும் கருமணலையும் நன்றாகத் தாங்கும், ஆனால் ஆணியையும் மோதிரத்தையும் பிரித்துச் சொல்லாது, ஒவ்வொரு சத்தத்துக்கும் தோண்ட வேண்டும்.

வாங்குவதற்கு முன் பொலிஸ் நிலையத்தில் போய் அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். நம் நாட்டில் புதையல் தோண்டப் போய்ப் பிடிபடுகிறவர்களிடம் இந்த இயந்திரமும் அடிக்கடி அகப்படுகிறது, அதனால் அதைக் கையில் வைத்திருக்கிறவரை யாரும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். நான் எங்கே தேடப் போனாலும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, நகையைத் தொலைத்தவரையும் கூட்டிக்கொண்டுதான் போவேன். கரைவலை இழுக்கிற இடமென்றால் மீன்வாடிக்காரரிடமும் ஒரு வார்த்தை.

டிடெக்டர் தங்கத்தை மட்டும் காட்டும்படி வைக்க முடியுமாமே?
– வாசகர், கிண்ணியா

முடியாது தம்பி. இதை நம்பித்தான் நிறையப் பேர் மோதிரத்தின் மேலாலேயே நடந்து போயிருக்கிறார்கள். இயந்திரம் தங்கத்தைப் பார்ப்பதில்லை. அது ஒரு காந்தப்புலத்தை அனுப்புகிறது, மண்ணுக்குள் இருக்கிற உலோகத்தில் சின்ன மின்சுழல்கள் உண்டாகின்றன, அந்தச் சுழல்கள் திருப்பி அனுப்புகிற புலம் எவ்வளவு பிந்தி வருகிறது என்பதை வைத்து ஒரு இலக்கத்தைக் காட்டுகிறது. அந்த இலக்கம் பொருளின் பருமன், வடிவம், உலோகக் கலவை எல்லாம் சேர்ந்தது. ஒரு மெல்லிய மோதிரமும், சிகரெட் பெட்டிக்குள் இருக்கிற வெள்ளித்தாளும், பான டின்னைத் திறக்கிற அலுமினிய வளையமும் கிட்டத்தட்ட ஒரே இலக்கத்தில் வந்து நிற்கும். குப்பை வேண்டாம் என்று அவற்றை அமைப்பில் நீக்கிவிட்டால் மோதிரமும் அதோடு நீங்கிப் போகும்.

நம் கரையில் இன்னொன்று, வலை ஈயம். கரைவலையில் இருந்து கழன்ற ஈயக்குண்டுகள் கிடக்கிற இடத்தில் காதுக்குள் அசல் தங்கச் சத்தமே கேட்கும். ஒரு காலையில் நாற்பதுக்கு மேல் ஈயம் எடுத்திருக்கிறேன். எடுத்ததைத் திரும்பப் போடாமல் ஒரு பையில் சேருங்கள், ஆணியும் சோடா மூடியும் அப்படித்தான், வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளைகளுக்கும் நல்லது, நாளைக்கு மறுபடி தேடவும் சுலபம். தோண்டிய குழியை உடனே மூட வேண்டும், அது இரண்டாம் பேச்சுக்கு இடமில்லாத விஷயம்.

நிலாவெளிக் கரையில் மணலில் உட்கார்ந்திருந்தபோது என் தாலிக்கொடி அறுந்து விழுந்துவிட்டது. ஒருவர் இயந்திரத்தோடு வந்து தேடியும் சத்தமே வரவில்லை. மாமி இதைப் பெரிய அபசகுனம் என்று அழுகிறா. என்ன செய்ய?
– பெயர் வேண்டாம், திருகோணமலை

சத்தம் வரவில்லை என்பதற்காகக் கொடி அங்கே இல்லை என்று முடிவு செய்யாதீர்கள் அம்மா. மோதிரம் ஒரு முழு வளையம், மின்சாரம் அதற்குள் தடையில்லாமல் சுழலும், அதனால் நன்றாகக் கத்தும். சங்கிலி அப்படியல்ல. எத்தனை பவுண் என்றாலும் அது நூற்றுக்கணக்கான குட்டிக் கண்ணிகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக, மிகவும் மெல்லிய குரலில்தான் பேசும். வெட்டுப்பட்ட மோதிரமும் இப்படித்தான் ஊமையாகிவிடும். கொடியில் உரத்துப் பேசக்கூடியது தாலியும் கொக்கியும்தான், அவற்றைக் குறிவைத்துத் தேட வேண்டும். சின்னத் தட்டைப் பொருத்தி, எதையும் நீக்காமல், உணர்திறனைக் கூட்டி, ஆமை வேகத்தில்.

உங்களுக்கு இருக்கிற பெரிய வசதி, அது காய்ந்த மணலில் விழுந்தது. இருந்த இடத்தைச் சுற்றி நாலு மீற்றருக்கு நாலு மீற்றர் அடையாளம் செய்து, மேசன்மார் மணல் அரிக்கிற சல்லடையில் ஒரு சாண் ஆழத்துக்கு அரித்துப் பாருங்கள். இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு நாள் வேலை. சங்கிலி விஷயத்தில் எந்த விலை இயந்திரத்தையும்விட எனக்குச் சல்லடையில்தான் நம்பிக்கை.

மாமியிடம் சொல்லுங்கள், கொக்கி தேய்ந்து அறுந்திருக்கிறது, அதில் யாருடைய குற்றமும் இல்லை. கிடைக்கும்வரை மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு ஒன்றைக் கட்டிக்கொள்வது நம் சனங்களிடம் உள்ள வழக்கம்தானே. அவவையும் கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், சல்லடையில் அரிக்கும்போது வயதானவர்களின் கண்ணுக்குத்தான் முதலில் படும், இதை நான் கண்டிருக்கிறேன்.

மோதிரம் வீட்டுக் கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. காந்தம் கட்டி இறக்கிப் பார்த்தோம், வரவில்லை.
– வாசகர், சாம்பல்தீவு

தங்கம் காந்தத்தில் ஒட்டாது. வாளி எடுக்கிற பாதாளக்கரண்டியிலும் மோதிரம் மாட்டுவது அபூர்வம். டிடெக்டரும் இங்கே பெரிதாக உதவாது, கிணற்று வளையங்களுக்குள் இருக்கிற கம்பியே அதைக் குழப்பிவிடும். இந்தக் கருவியின் தொடக்க காலத்திலேயே இந்தத் தொல்லை இருந்தது. 1881-இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடம்பில் இருந்த துப்பாக்கிக் குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் தானே ஒரு கருவி செய்து கொண்டுபோனார், குண்டு அகப்படவில்லை, ஜனாதிபதி படுத்திருந்த கட்டிலின் உருக்குச் சுருள்கள்தான் கருவியைக் குழப்பின என்று சொல்வார்கள்.

கோடை முடிகிற நேரம் இது, தண்ணீர் குறைவாக இருக்கும், இறைத்து அடிச்சேற்றை வாளி வாளியாக மேலே எடுத்து அரியுங்கள். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், எண்ணெயில் ஓடுகிற பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்ட வேண்டாம், அதன் புகை அடியில் தங்கி, இறங்குகிற ஆளைச் சத்தமில்லாமல் கொன்றுவிடும். கிணறு இறைத்துப் பழகிய ஆளைக் கூப்பிடுங்கள், இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர்.

பிரெட்ரிக் கோட்டைப் பக்கமும் பழைய துறைமுகக் கரையிலும் பழங்காசு தேடலாமா?
– மாணவர், திருகோணமலை

வேண்டாம். 1940-ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் இருக்கிறது, அனுமதி இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். அதைவிட எனக்குப் பெரிய பயம் வேறு. 1942 ஏப்ரல் 9-இல் ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்டன, அதற்குப் பிறகு நம் காலத்து யுத்தம். இந்த மாவட்டத்து மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்பதைக் கண்ணிவெடி அகற்றினவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அவர்களும் இதே வகை இயந்திரத்தைத்தான் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அங்குலமாக நகர்ந்தார்கள். கரையில் தேடும்போதும் துருப்பிடித்த குழாய் மாதிரியோ துப்பாக்கி ரவை மாதிரியோ எதையாவது கண்டால் தொடாமல், இடத்தை அடையாளம் வைத்துவிட்டுப் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

நீங்கள் இதற்குக் காசு வாங்குவீர்களா? உரிமையாளர் தெரியாத நகை கிடைத்தால்?
– வாசகி, நிலாவெளி

போக்குவரத்துச் செலவு தந்தால் வாங்குவேன், கிடைக்காவிட்டால் அதுவும் வேண்டாம். ஆள் தெரியாத நகையைப் பொலிசில் பாரம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்வேன். உள்பக்கத்தில் பெயரும் திகதியும் வெட்டியிருந்தால் அதை வெளியே சொல்வதில்லை, உண்மையான ஆள் அதைத் தானாகச் சொல்ல வேண்டும். சென்ற வருடம் கொடுத்த ஒரு மோதிரத்தில் இரண்டு எழுத்தும் ஒரு திகதியும் இருந்தன. இன்னும் யாரும் வந்து கேட்கவில்லை. அலஸ்தோட்டத்துக்கும் நிலாவெளிக்கும் இடையில் மோதிரம் தொலைத்தவர் இதைப் படித்தால், அந்தத் திகதியோடு பத்திரிகைக்கு எழுதுங்கள், எந்தப் பொலிஸ் நிலையம் என்று சொல்கிறேன்.