கேள்வி – பதில்: உட்காது உருவாகும் நாட்கள்

மாமன் மகனைக் கட்டியவள் நான். ஒன்றரை வயதுப் பையனுக்குக் காது கேட்கவில்லை. மடல் சிறியது, பல்லும் பொடிப்பொடியாக இடைவெளி விட்டு முளைக்கிறது. ஸ்கேனில் இரண்டு பக்கமும் உட்காதே இல்லை. எஃப்.ஜி.எஃப்.3 மரபணுக் கோளாறு என்றார்கள். ஐந்தாம் மாதக் கிரகணத்தில் நான் வெளியே போனதுதான் காரணம் என்கிறார் அத்தை. கருவி வைத்தால் கேட்குமா? அடுத்த பிள்ளைக்கும் வருமா?
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

கிரகணத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை, சகோதரி. நாள் கணக்கைப் பாருங்கள். கருத்தரித்து 22 நாள் ஆகும்போது, வளரும் பின்மூளையின் இருபுறமும் மேல்தோல் தடிக்கத் தொடங்குகிறது. ‘இங்கே காது ஆகு’ என்று அந்தத் தோலுக்குச் செய்தி சொல்பவை எஃப்.ஜி.எஃப். குடும்பத்துச் சமிக்ஞைப் புரதங்கள். பின்மூளை சுரக்கும் எஃப்.ஜி.எஃப்.3 அவற்றில் முக்கியமானது. நான்காம் வார முடிவில் தடிப்பு உள்ளே குழிந்து, மூடிய பையாகிவிடும். பிறகு அடிப்பக்கத்திலிருந்து வரும் ‘சானிக் ஹெட்ஜ்ஹாக்’ புரதத்தால் பையின் கீழ்ப்பகுதி, ஒலியைக் கேட்கும் உறுப்பான நத்தைச் சுருளாகிறது. மேலிருந்து வரும் ‘விண்ட்’ புரதத்தால் மேல்பகுதி சமநிலை உறுப்பாகிறது. ஐந்தாம் மாதத்தில் உட்காது ஏறக்குறைய முழு அளவை எட்டிவிடும். உங்கள் மகனுக்கு முதல் செய்தியே போய்ச் சேரவில்லை. அப்போது கர்ப்பம் என்று உங்களுக்கே தெரிந்திருக்காது. அத்தையிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

காக்ளியர் கருவி உதவாது. மின்முனையைச் செருக நத்தைச் சுருள் வேண்டும். அது இல்லை, பெரும்பாலும் நரம்பும் இருக்காது. மூளைத்தண்டில் வைக்கும் கருவி உண்டு. ஆனால் பலன் ஆளுக்கு ஆள் மாறும், பலருக்கு ஒலியை உணர்வதோடு நின்றுவிடும். அதற்காகக் காத்திருக்காமல் இன்றே சைகை மொழியைத் தொடங்குங்கள், வீட்டில் எல்லோரும் கற்க வேண்டும். சமநிலை உறுப்பும் இல்லாததால் நடை தாமதமாகும். அது சோம்பல் அல்ல. இருட்டிலும் தண்ணீருக்குள்ளும் மேல் கீழ் தெரியாது. வாய்க்கால், கிணற்றுப் பக்கம் தனியே விடாதீர்கள்.

கணவர், நீங்கள் இருவருமே அந்த மரபணுவின் பழுதான பிரதி ஒன்றைச் சுமப்பவர்களானால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் வாய்ப்பு 25 சதவீதம். முதலில் இருவரும் அந்த மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதன் அறிக்கையோடு போனால், 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசு எடுத்துப் பார்க்க முடியும்.

கோழிக்குக் கேட்கும் செல் செத்தால் திரும்ப முளைக்குமாமே, நமக்கு ஏன் இல்லை?
– ஒரு வாசகர், புளியரை

உண்மைதான். கேட்கும் மயிர்ச்செல்லாக மாறும் செல், பக்கத்துச் செல்லின் ‘நாட்ச்’ புரதத்தைத் தூண்டி ‘நீ மயிர்ச்செல் ஆகாதே’ என்று தடுக்கிறது, அது துணைச்செல்லாகிறது. கோழியில் மயிர்ச்செல் அழிந்தால் துணைச்செல் மயிர்ச்செல்லாக மாறி அந்த இடத்தை நிரப்பும். வளர்ந்த மனிதரின் நத்தைச் சுருளில் துணைச்செல்லுக்கு அந்தத் திறன் இல்லை.