நடுவில் குவாலிட்டி 80, ஓரத்துக்குப் போனால் பூஜ்யம்: மோட்டார் டிஷ்ஷில் எங்கே தப்பு?

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மொட்டை மாடியில் 8 அடி வலை டிஷ், போலார் மவுண்ட் (டிஷ்ஷைக் கிழக்கு மேற்காக உருட்டும் தாங்கி), 18 அங்குல ஆக்சுவேட்டர் (டிஷ்ஷைத் தள்ளி இழுக்கும் மோட்டார் தண்டு). கட்டணம் கட்டாமல் பார்க்கக்கூடிய சேனல்களுக்காக சி பேண்ட் அலைவரிசைக்கான எல்என்பி (டிஷ் குவிக்கும் சிக்னலை வாங்கும் கருவி) போட்டிருக்கிறார். கிழக்குத் தீர்க்கரேகை 83 டிகிரியில் இருக்கும் ஜிசாட் 30 சாட்டிலைட் அருமையாகக் கிடைக்கிறது. 93.5-க்கும் 66-க்கும் போனால் படம் உடைகிறது. 105.5-ல் இருக்கும் ஏசியாசாட் 7 சுத்தமாக இல்லை. ஒவ்வொரு இடத்திலும் எலிவேஷன் போல்ட்டை (டிஷ்ஷின் வடக்கு தெற்குச் சாய்வை மாற்றுவது) திருகிப் பார்த்தாராம், ஓரம் கொஞ்சம் தேறினால் நடு போய்விடுகிறது. மோட்டாரை மாற்ற வேண்டுமா, ஒவ்வொரு சாட்டிலைட்டுக்கும் எல்என்பி-யைத் திருப்ப வேண்டுமா என்று கேட்கிறார்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், மோட்டாரில் கை வைக்காதீர்கள். நீங்கள் சொல்கிற அறிகுறியை வைத்துப் பார்த்தால் உங்கள் மவுண்ட் தூணின் மேல் ஒரு நாலைந்து டிகிரி திரும்பி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதைச் சரிசெய்ய வேண்டிய இடத்தில் சரிசெய்யாமல் எலிவேஷன் போல்ட்டைத் திருகியதால்தான் நடுவும் கெட்டது.

இது ஏன் என்று புரிந்துகொண்டால் வேலை பாதி முடிந்த மாதிரி. போலார் மவுண்டில் டிஷ் ஒரே ஒரு அச்சைச் சுற்றித்தான் உருள்கிறது. அந்த அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும், அதாவது சரியாக வடக்கு தெற்காக, வடக்கு முனை உங்கள் ஊரின் அட்சரேகை அளவுக்குத் தூக்கியபடி. திருச்சிக்கு அது 10.8 டிகிரி. நம் ஊரில் அச்சு கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கிறது, டிஷ் ஏறக்குறைய வானத்தைப் பார்த்து மல்லாந்திருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் பொருத்தும் வீடியோக்களில் நிறைய ஐரோப்பாவில் எடுத்தவை, அங்கே 50 டிகிரி அட்சரேகை, டிஷ் நன்றாக நிமிர்ந்து நிற்கும். அதைப் பார்த்து நம் டிஷ்ஷை வைத்தால் எதுவும் பொருந்தாது.

இப்படி அச்சு படுத்திருப்பதால் ஒரு விளைவு உண்டு. டிஷ் தலைக்கு மேலே பார்க்கும்போது மவுண்ட் இடவலமாகக் கொஞ்சம் திரும்பியிருந்தாலும் பெரிதாகத் தெரியாது. கிழக்கிலோ மேற்கிலோ சாயச் சாய அந்தத் தவறு வளர்ந்துகொண்டே போகும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 5 டிகிரி திருகல் இருந்தால் 83-ல் விலகல் அரை டிகிரிக்கும் குறைவு, 66-லும் 93.5-லும் ஒன்றரை டிகிரிக்குக் கிட்டத்தட்ட, 105.5-ல் இரண்டரை டிகிரிக்கு மேல். 8 அடி டிஷ்ஷுக்கு சி பேண்டில் உச்சத்திலிருந்து ஒரு டிகிரி சொச்சம் விலகினாலே சிக்னல் பாதியாகிவிடும். நீங்கள் எழுதியதோடு அப்படியே ஒத்துப்போகிறது பாருங்கள். 3 அங்குலப் பைப்பின் சுற்றில் இந்த 5 டிகிரி என்பது வெறும் 3 மில்லிமீட்டர் சொச்சம்தான், கிளாம்ப் போல்ட்டை இறுக்கும்போதே அவ்வளவு நகர்ந்துவிடும்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் தூண். ரசமட்டத்தை ஒரு பக்கம் வைத்துப் பாருங்கள், அப்புறம் கால் சுற்று தள்ளி இன்னொரு பக்கம். இரண்டிலும் குமிழ் நடுவில் நிற்க வேண்டும். தூண் சாய்ந்திருந்தால் மற்ற எதையும் ஆரம்பிக்காதீர்கள், ஏனென்றால் பின்னால் நீங்கள் மவுண்டைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அட்சரேகைக் கோணமும் சேர்ந்து மாறும், எதைத் தொட்டதால் எது போனது என்றே தெரியாது.

அடுத்து டிஷ்ஷை நடு நிலைக்கு ஓட்டுங்கள், அதாவது கிழக்கு விளிம்பும் மேற்கு விளிம்பும் ஒரே மட்டத்தில் வரும் இடம். அச்சுக் கம்பியின் மேல் ஆங்கிள் மீட்டரை வையுங்கள், போனில் இருக்கும் ஆப் கூடப் போதும். 10.8 காட்ட வேண்டும். பிறகு விளிம்பின் மேல் வடக்கு தெற்காக ஒரு நேரான அலுமினியச் சட்டத்தைப் போட்டு அளந்தால் 12.7. இரண்டுக்கும் நடுவில் வரும் 1.9 தான் டிக்ளினேஷன், அதாவது அச்சின் சாய்வுக்கு மேல் டிஷ் முகம் கூடுதலாகத் தெற்கே சாய வேண்டிய அளவு. கன்னியாகுமரியில் இது 1.4, சென்னையில் 2.3, டெல்லியில் 4.8 கிட்ட. இந்த டிக்ளினேஷனை நினைத்துப் பலர் ரொம்பக் கவலைப்படுகிறார்கள், தேவையில்லை. மொத்தம் 12.7 சரியாக இருந்தால், டிக்ளினேஷன் 3 டிகிரி தப்பாக இருந்தாலும் உங்களுக்குத் தேவையான 66 முதல் 105.5 வரையிலான தூரத்தில் விலகல் அரை டிகிரியைத் தாண்டாது.

இனி வடக்கு தெற்கு. காம்பஸை நம்பி இரும்புத் தூணுக்குப் பக்கத்தில் வைத்தால் அது தூணைத்தான் காட்டும். மொட்டை மாடித் தளத்துக்குள்ளும் கம்பிதான். அதனால் நான் வெயிலைத்தான் பயன்படுத்துகிறேன். தினசரிக் காலண்டரில் உங்கள் ஊருக்கான சூரிய உதய நேரமும் அஸ்தமன நேரமும் இருந்தால் இரண்டுக்கும் சரிபாதி நேரத்தைக் கணக்கிடுங்கள், திருச்சியில் அது 12:15-ஐ ஒட்டி மாதத்துக்கு மாதம் முன்பின்னாக வரும். அந்த நிமிடத்தில் ஒரு தூக்குக்குண்டு நூலின் நிழல் சரியாக வடக்கு தெற்காக விழும். சாக்பீஸால் தரையில் அந்த நிழலின் மேலேயே கோடு போட்டுவிடுங்கள். மார்கழி, தை மாதங்களில் இது சுலபம், நிழல் நீளமாக இருக்கும், ஒரு நிமிடம் தவறினாலும் அரை டிகிரி வாக்கில்தான் நகரும். ஏப்ரல் 18 வாக்கிலும் ஆகஸ்ட் 24 வாக்கிலும் திருச்சியில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடும், நிழலே விழாது. அந்தத் தேதிகளுக்குச் சில வாரம் முன்னும் பின்னும் இந்த முறை வேண்டாம், நிழல் குட்டையாக இருக்கும், நிமிடத்துக்கு நிமிடம் வேகமாகத் திரும்பும்.

கோடு கிடைத்ததும் அச்சுக் கம்பியோடு ஒரு நீளமான நேர்ச் சட்டத்தைக் கட்டி, இரண்டு முனையிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். இரண்டு குண்டும் சாக்பீஸ் கோட்டுக்கு இணையாக விழும்வரை மவுண்டைத் தூணின் மேல் திருப்புங்கள். தூணிலும் மவுண்ட் குழாயிலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவையுங்கள், பிறகு எவ்வளவு திரும்பினோம் என்று கண்ணால் பார்க்கலாம்.

இப்போது சாட்டிலைட்டுகள். மோட்டாரை மட்டும் ஓட்டி 83-க்கு வாருங்கள், நடு நிலையிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 5 டிகிரி உருண்டால் போதும். (நமக்கு நேர் தெற்கு என்றால் 78.5-ல் இருக்கும் தாய்காம்தான், ஆனால் முதல் வேலைக்கு நம் நாட்டை நோக்கிப் பலமாக வீசுகிற ஜிசாட் 30 நல்லது.) இங்கே எலிவேஷன் போல்ட்டைத் திருகி ரிசீவர் திரையில் காட்டும் குவாலிட்டி அளவை உச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். பார்க்க வேண்டியது குவாலிட்டி, ஸ்ட்ரெங்த் அல்ல, ஸ்ட்ரெங்த் வெறும் வானத்தைக் காட்டினாலும் ஏறும். எல்என்பி-யின் கோணத்தையும் இங்கேயே சரிசெய்து இறுக்கிவிடுங்கள். டிஷ் உருளும்போது எல்என்பி-யும் கூடவே உருள்வதால் சாட்டிலைட்டுக்குச் சாட்டிலைட் திருப்பத் தேவையில்லை.

அப்புறம் மோட்டாரை 105.5-க்கு ஓட்டுங்கள். இங்கே எலிவேஷன் போல்ட்டைத் தொடவே கூடாது. சிக்னல் இல்லையென்றால் டிஷ்ஷின் தெற்கு விளிம்பை மெதுவாகக் கீழே அழுத்திப் பாருங்கள், வரவில்லையென்றால் வடக்கு விளிம்பை. எதை அழுத்தும்போது குவாலிட்டி எழுகிறதோ அந்தத் திசைக்கு டிஷ் முகம் போகும்படி மவுண்டைத் தூணின் மேல் ஒரு மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டராகத் திருப்புங்கள். 66-க்கு ஓட்டி இதே அழுத்தும் சோதனையைச் செய்யுங்கள். கிழக்கில் தெற்கு விளிம்பும் மேற்கில் வடக்கு விளிம்பும், அல்லது நேர்மாறாக, அழுத்த வேண்டியிருந்தால் இன்னும் திருகல் பாக்கி. இரண்டு பக்கமும் ஒரே விளிம்பு கேட்டால் திருகல் போய்விட்டது, 83-க்குத் திரும்பி எலிவேஷனைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று முறை போய்வந்தால் படிந்துவிடும். 8 அடி டிஷ்ஷைக் காற்று சும்மா விடாது, போல்ட் தளர்ந்திருக்கும் நேரத்தில் கைப்பிடிச் சுவருக்கு ஒரு கயிறு கட்டிவிட்டு, கூட ஒருவரை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஒரே ஒரு திசையில் மட்டும் படம் உடைந்தால் அந்தப் பக்கம் செல்போன் டவர் இருக்கிறதா பாருங்கள். 2022 அக்டோபரில் 5ஜி வந்ததிலிருந்து இது புதுத் தொல்லை. 5ஜி-யின் 3300 முதல் 3670 மெகாஹெர்ட்ஸ், நம் சி பேண்டின் 3700-க்குப் பக்கத்து வீடு. ஃபில்டர் வைத்த எல்என்பி போட்டால் பெரும்பாலும் தீரும். எல்லாச் சாட்டிலைட்டும் ஒரே அளவு தள்ளிப்போனால் அது திருகல் அல்ல, ஆக்சுவேட்டரின் சென்சார் எண்ணிக்கை தவறுகிறது அல்லது அதன் கிளாம்ப் நழுவியிருக்கிறது.

என் அபிப்பிராயம் ஒன்று: வீட்டில் தினமும் பார்ப்பது டிடி ஃப்ரீ டிஷ் என்றால் அதற்கு மோட்டாரை ஓட்டாதீர்கள். அது 93.5-ல் ஜிசாட் 15-ல், சின்ன டிஷ்ஷே போதுமான கேயூ பேண்ட் அலைவரிசையில் வருகிறது, 2 அடி டிஷ் ஒன்றைத் தனியாக நிலையாக வைத்துவிடுங்கள். பெரிய டிஷ் தேடலுக்கு இருக்கட்டும், ஆக்சுவேட்டரும் நீண்ட நாள் உழைக்கும்.

கடைசியாக கிளாம்ப் போல்ட்டுகளை இறுக்கும்போது டிஷ்ஷை 105.5-லேயே நிறுத்தி, குவாலிட்டியைப் பார்த்துக்கொண்டே ஒன்றுவிட்டு ஒன்றாகக் கால் சுற்றாக இறுக்குங்கள். மார்க்கர் கோடு விலகாமல் நின்றால் ஒவ்வொரு சாட்டிலைட்டுக்கும் போய் நிலையைச் சேமித்துவிடலாம்.