டெத் வேலியில் ஒரு நாள்: வண்டி சின்னதாக இருக்கட்டும், திட்டமும்தான்

கேள்வி: கலிஃபோர்னியாவில் சான் ஹோசேயில் இருக்கிறோம். பிப்ரவரி நடுவில் வரும் நீண்ட வார இறுதியில் லாஸ் வேகஸ் போகிறோம். அதில் ஒரு நாள் டெத் வேலி தேசியப் பூங்காவுக்கு. நானும் கணவரும், இரண்டு பிள்ளைகள் (மூத்தவன் நான்காம் வகுப்பு), மதுரையிலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியார். மாமாவுக்கு 68 வயது, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். கார் வாடகைக் கவுன்டரில், ‘ஃபோர் வீல் டிரைவ் எஸ்.யூ.வி. இல்லாமல் அங்கே போக முடியாது’ என்கிறார்கள். ஒரு டூர் ஏஜென்ட் ஆளுக்கு 250 டாலர் கேட்கிறார். நுழைவு பெர்மிட்டுக்குத் தனியாகப் பணமாம். கொஞ்சம் நடக்க வேண்டும். கற்கள் தானாக நகரும் ரேஸ்டிராக்கையும் பார்க்க ஆசை. எப்படித் திட்டமிடுவது?

பதில்: முதலில் அந்த எஸ்.யூ.வி. கதையை முடித்துவிடுவோம். டான்டேஸ் வியூ, சாப்ரிஸ்கி பாயின்ட், கோல்டன் கேன்யன், பேட்வாட்டர், ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ், மெஸ்கீட் மணல்மேடு, இந்த ஆறு இடங்களுக்கும் வாசல்வரை தார்ச் சாலை. ஆறு பேருக்கு ஒரு மினிவேன் தாராளமாகப் போதும். கவுன்டரில் கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு ஃபோர் வீல் டிரைவ் தருவார்கள். கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்திலோ, தார் போடாத சாலையில் ஓட்டக் கூடாது என்ற நிபந்தனை அநேகமாக இருக்கும். மண் சாலைக்கென்று விற்ற வண்டியை மண் சாலையில் இறக்கினால் காப்பீடு கிடையாது. இதை யாரும் வாயால் சொல்வதில்லை, நீங்கள்தான் வாசித்துப் பார்க்க வேண்டும். அந்தப் பணத்தை மிச்சப்படுத்திவிட்டு, வண்டியை எடுக்கும்போதே ஸ்டெப்னி இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது பல வாடகை வண்டிகளில் ஸ்டெப்னி டயருக்குப் பதில் காற்றடிக்கும் பெட்டி மட்டும்தான் இருக்கிறது. டயரின் பக்கவாட்டு கிழிந்தால் அது எதற்கும் உதவாது.

ரேஸ்டிராக்கை இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள். பார்வையாளர் மையம் இருக்கும் ஃபர்னஸ் கிரீக்கிலிருந்து 80 மைலுக்கு மேல். அதில் கடைசி 27 மைல் அலையலையாக உதறும் கரடுமுரடுப் பாதை, கூரான கற்கள். போகவே மூன்றரை மணி நேரம் ஆகும். வாடகை வண்டியின் சாதாரண டயரை அந்தக் கற்கள் கிழித்துவிடும். போன் எடுக்காது, இழுவை வண்டி வந்தால் 1,000 டாலருக்கு மேல் போகும். கற்கள் நகர்வதை நேரில் பார்க்கக் கிடைப்பதும் மிக மிக அரிது. குளிர்காலத்தில் எப்போதாவது தண்ணீர் தேங்கி, மேலே மெல்லிய பனித்தகடு உறைந்து, வெயிலில் அது உடையும்போது காற்று தள்ளினால் கற்கள் நகர்கின்றன என்பது 2014-ல் தெளிவாயிற்று. நீங்கள் பார்க்கப்போவது காய்ந்த தரையில் ஒரு தடத்தை மட்டும்தான். அதற்காக வயதானவர்களை ஏழு மணி நேரம் உலுக்க வேண்டாம்.

ஜி.பி.எஸ்.ஸை நம்பாதீர்கள் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். வெள்ளத்தில் அரித்துப் போன சாலையையும், சுரங்கக்காரர்கள் எப்போதோ போட்ட தடத்தையும் அது குறுக்கு வழி என்று காட்டும். 1996 கோடையில் ஒரு ஜெர்மானியக் குடும்பம், இரண்டு சிறு பிள்ளைகளோடு, வாடகை மினிவேனில் இப்படியொரு பள்ளத்தாக்குத் தடத்தில் இறங்கியது. வண்டி கிடைத்தது, பெரியவர்களின் எலும்புகள் கிடைக்க 2009 ஆயிற்று. தார்ச் சாலையை விட்டு இறங்கச் சொன்னால் திரை என்ன காட்டினாலும் இறங்காதீர்கள். பார்வையாளர் மையத்தில் கிடைக்கும் காகித வரைபடத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நின்றுபோனால் வண்டியோடேயே இருங்கள். நடந்து உதவி தேடப் போகாதீர்கள்.

அடுத்தது ஏஜென்ட். டெத் வேலிக்குள் காரில் போய்ப் பார்க்க முன்பதிவும் இல்லை, பெர்மிட்டும் இல்லை. கட்டணம் வண்டிக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும், அவ்வளவுதான். பெர்மிட் என்று தனியாகப் பணம் கேட்பவரோடு அதற்குமேல் பேச வேண்டாம். அவர் சொல்லும் தொகை ஆறு பேருக்கு 1,500 டாலர். போகவர நாலரை மணி நேரம், ஹோட்டல் ஹோட்டலாக ஆள் ஏற்றும் நேரம் போக, பூங்காவில் உங்களுக்குக் கிடைப்பது நாலைந்து மணி நேரம். அதிலும் மாமா உட்கார விரும்பும் இடத்தில் வேன் நிற்காது. வேகஸ் நடைபாதைகளில் பாதி விலைக்கும் இலவசமாகவும் டூர் தருகிறேன் என்பவர்கள் இன்னொரு வகை. டைம்ஷேர் (விடுமுறை வீட்டில் பங்கு) விற்பனைக் கூட்டத்தில் உங்களை ஒன்றரை மணி நேரம் உட்கார வைப்பதுதான் அவர்கள் வேலை.

அந்த 30 டாலரும் உங்களுக்கு மிச்சமாகலாம். இதைப் பலர் தவறவிடுவதால் விரிவாகவே சொல்கிறேன். அமெரிக்காவில் நான்காம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கு, செப்டம்பர் முதல் அடுத்த ஆகஸ்ட் முடியும்வரை தேசியப் பூங்காக்களுக்கு இலவச பாஸ் உண்டு. ‘எவ்ரி கிட் அவுட்டோர்ஸ்’ என்ற அரசுத் தளத்தில் சின்னக் கேள்விகளுக்கு அவனே பதில் சொன்னால் சீட்டு வரும். அதைக் காகிதத்தில் அச்சிட்டு எடுத்துப் போங்கள். பையன் வண்டியில் இருக்க வேண்டும். இருந்தால் தாத்தா பாட்டி உட்பட அந்தச் சொந்த வண்டியில் வரும் எல்லோருக்கும் அதுவே போதும். வாடகைக் காரும் சொந்த வண்டிக் கணக்குதான். டூர் நிறுவன வேனுக்குச் செல்லாது. வீட்டிலேயே படிப்பவராக இருந்தாலும் பத்து வயதுப் பிள்ளைக்கு இது உண்டு. ஐந்தாம் வகுப்புக்குப் போய்விட்டால் கிடையாது. முதியோர் பாஸ் உங்கள் மாமனார், மாமியாருக்குப் பொருந்தாது. 62 வயதான அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் மட்டும்தான். பணமாகக் கட்ட நினைத்தால், 2023 முதல் ரொக்கம் வாங்குவதில்லை. ஊரிலிருந்து வந்த பெரியவர் கையில் டாலர் நோட்டோடு நின்றால் கார்டு கேட்கும் ஏற்பாடு இது. அரசாங்கத்தின் பணத்தை அரசாங்கப் பூங்காவே வாங்க மறுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி நாள். வேகஸிலிருந்து காலை 5.30-க்குக் கிளம்பி 160-ஆம் நெடுஞ்சாலையில் பரம்ப் ஊருக்குப் போய் டாங்கை நிரப்புங்கள். பூங்காவுக்குள் பெட்ரோல் விலை மிக அதிகம். டெத் வேலி ஜங்ஷன் வழியாக 190-ஐப் பிடித்து, எட்டு மணிக்கு டான்டேஸ் வியூ. உயரம் 5,475 அடி. கீழே தெரியும் வெள்ளைத் தரைதான் பேட்வாட்டர், கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே. கீழே இருப்பதைவிட மேலே 15 முதல் 20 டிகிரி ஃபாரன்ஹீட் குளிர் அதிகம், காற்றும் பலமாக அடிக்கும். பாலைவனம்தானே என்று ஸ்வெட்டரை ஹோட்டலில் விட்டுவந்தால் மாமியார் காரைவிட்டு இறங்க மாட்டார்.

9.15-க்கு சாப்ரிஸ்கி. நீண்ட வார இறுதியில் அங்கே கார் நிறுத்த இடம் கிடைக்காமல் போகலாம். கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் நகருங்கள். பத்து மணிக்கு ஃபர்னஸ் கிரீக் பார்வையாளர் மையம்: கழிப்பறை, தண்ணீர், பாஸ், வரைபடம். 10.30-க்கு கோல்டன் கேன்யன். ரெட் கதீட்ரல் என்ற செம்பாறைச் சுவர்வரை போய்த் திரும்ப மூன்று மைல், ஏற்றம் 600 அடிக்குள். கடைசிப் பகுதியில் பாறைகளுக்கிடையே கையூன்றி ஏற வேண்டும். பெரியவர்கள் முதல் அரை மைலோடு நின்றுகொள்ளட்டும். அதற்குள்ளேயே பள்ளத்தாக்கின் அழகு முழுக்கத் தெரிந்துவிடும். வழியில் தார்த் துண்டுகள் கிடந்தால் வியக்க வேண்டாம். உள்ளே ஒரு காலத்தில் சாலை இருந்தது. 1976 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அங்கிருந்து கவர் கல்ச் வழியாகச் சுற்றிவரலாம் என்று சிலர் சொல்வார்கள். அது நாலரை மைல். இந்த நாளில் அதற்கு நேரமில்லை.

சாப்பாட்டை முடித்து ஒரு மணிக்கு பேட்வாட்டர். உப்புத் தரையில் அரை மைலாவது உள்ளே நடந்தால்தான் அறுகோண வடிவங்கள் தெளிவாகத் தெரியும். ஈரமாகக் குழைந்திருந்தால் மிதிக்காதீர்கள், பதிந்த தடம் நெடுநாள் மறையாது. ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவை வரும்போதுதான் பார்க்க வேண்டும். அது ஒன்பது மைல் ஒருவழிப் பாதை, தெற்கு முனையில்தான் நுழைவு. வடக்கிலிருந்து வந்தால் முதலில் கண்ணில் படுவது வெளியேறும் வாய். பிற்பகல் வெயிலில் நிறமும் நன்றாக எடுக்கும். நாலு மணிக்கு மெஸ்கீட் மணல்மேடு, சூரியன் 5.20 வாக்கில் மறையும். மணலுக்குள் நடக்கும்போது அடிக்கடி திரும்பி வண்டி நிற்கும் திசையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு டார்ச் வேண்டும். போன் வெளிச்சம் போதாது.

பிப்ரவரியில் கீழே பகல் வெப்பம் 23 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும், கோடையின் 47 அல்ல. ஆனாலும் ஆளுக்கு நாலு லிட்டர் கணக்கில் 24 லிட்டர் தண்ணீர் வண்டியில் இருக்கட்டும். அங்கே காற்று அவ்வளவு வறட்சி. வியர்வை தோலில் தெரியும் முன்பே காய்ந்துவிடும், வியர்க்கவில்லையே என்று குடிக்காமல் இருந்துவிடுவார்கள். வெறும் தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் போக வேண்டும்; புளியோதரையும் ஊறுகாயும் அதைப் பார்த்துக்கொள்ளும். மாமாவின் மாத்திரை சிறுநீரை அதிகம் பிரியச் செய்யும் வகையா என்று கிளம்பும் முன் டாக்டரிடம் கேளுங்கள். அந்த வகை என்றால் தண்ணீரும் உப்பும் எவ்வளவு என்பதையும் அவரே சொல்லட்டும். தலைசுற்றல், குமட்டல் வந்தால் உடனே நிழலும் ஏ.சி.யும்.

கடைசியாகச் சாலைகள். 2023 ஆகஸ்டில் ஒரே நாளில் 2.2 அங்குல மழை, ஏறக்குறைய ஓராண்டு மழை, கொட்டிப் பூங்காவே அக்டோபர் நடுவரை மூடிக் கிடந்தது. 2015 வெள்ளத்தில் மூடிய ஸ்காட்டிஸ் கேசில் பத்தாண்டுகளாகியும் திறந்தபாடில்லை. எந்தச் சாலை திறந்திருக்கிறது என்பதைப் பூங்கா தினமும் ஒரு காலை அறிக்கையாகத் தளத்தில் போடுகிறது. அதைத் தேடித் திறந்து படிக்கும் சுமையைப் பயணிகள் தலையில் கட்டிவிட்டு, வழிகாட்டிச் செயலிகளில் மூடிய சாலை திறந்ததாகவே காட்டுவதை யாரும் சரிசெய்வதில்லை. முந்தின இரவும் கிளம்பும்போதும் அந்த அறிக்கையைப் பார்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சிக்னல் பெரும்பாலும் இருக்காது. திரும்பும்போது மணல்மேட்டிலிருந்து டேலைட் பாஸ் என்ற கணவாய் வழியாக பீட்டி ஊருக்குப் போய் 95-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்தால் இரண்டரை மணி நேரத்தில் வேகஸ். டேலைட் பாஸ் மூடியிருந்தால் வந்த வழியிலேயே பரம்ப் வழியாகத் திரும்புங்கள். அப்போது மணல்மேட்டை விட்டு ஐந்தரைக்கே கிளம்ப வேண்டும்.